ஊர்க்காரன் என்று வந்தவன்

பெய்லு, ஹெனான்
2004 அக்டோபர் 18

சின்ன முதலாளி கெங் தம்பிக்கு,

பெய்லுவிலிருந்து ஹாவ் யூட்சென் எழுதுறேன். போன வாரம் ஹெனான் பஸ்ஸுல வந்த கூட்டத்துல நீல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு, வலிக்கிற காலை நீட்டி உட்கார்ந்திருந்தேனே, அந்தக் கிழவி.

பஸ்ஸுல வழிகாட்டிப் பொண்ணு ஒரு படிவம் கொடுத்து பேரு, ஊரு, வீட்டுக்காரர் பேரு எல்லாம் எழுதச் சொன்னா. அரைமணி நேரத்துல குன்மிங்ல உங்க ஜேட் கல் கடை வந்துச்சு. எங்களைச் சின்னச் சின்ன அறையில பிரிச்சு உட்காரவெச்சு டீ கொடுத்தாங்க. அப்புறம் நீ வந்தே. "இங்க பெய்லுக்காரங்க யாரு? கெங் வீட்டு ஆளா? அட, நானும் கெங்தான் பெரியம்மா. எங்கப்பாதான் இந்தக் கடை முதலாளி. பத்து வயசுல ஊரைவிட்டு வந்தேன், பேச்சே மாறிப்போச்சு"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டே. கண்ணுல தண்ணி வேற. ஊர்க்காரங்ககிட்ட லாபம் பார்க்கக்கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்கார்னு சொல்லி, கால் விலைக்கு ஒரு வளையலை சோப்புத் தண்ணி போட்டு என் கையில ஏத்திட்டே. இப்போ அது கழல மாட்டேங்குது. போகட்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதல. எனக்கு ஒரே மகன், கெங் பாவ்தியென். இருபத்தேழு வயசு. நாலு வருஷம் முன்னாடி அவங்கப்பாகூடச் சண்டை போட்டுக்கிட்டு வீட்டைவிட்டுப் போனான். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரே ஒரு கடிதம் வந்துச்சு. முகவரி இல்ல, குன்மிங் முத்திரை மட்டும் இருந்துச்சு. அதுக்காகத்தான் அந்த மலிவு சுற்றுலாவுல ஏறினேன். ஏரி, கோபுரம் எதையும் நான் பார்க்கல. ஏழு நாளும் ஆள் முகத்தைத்தான் பார்த்துக்கிட்டு வந்தேன். அவனுக்கு இடது காது மேல்விளிம்பு பனியில கருகி ஒரு துண்டு குறைஞ்சிருக்கும். ஊர்க்காரன்னு சொன்னியே, நீ தேடிக் கொடு தம்பி. எனக்கு வேற யாரும் இல்ல.

ஹாவ் யூட்சென்

*

பச்சை மேகம் ஜேட் மாளிகை
குன்மிங், 2004 அக்டோபர் 29

பெருமதிப்பிற்குரிய பெரியம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கண்டு என் தந்தையும் நானும் கண் கலங்கினோம். ஊர்ப் பாசம் என்பது எத்தனை தொலைவு போனாலும் விட்டுப்போவதில்லை. தங்கள் மகனைப் பற்றி எங்கள் ஊழியர்கள் அனைவரிடமும் விசாரித்தோம். அப்படி ஒருவரையும் இங்கே யாருக்கும் தெரியவில்லை. ஆயினும் தொடர்ந்து தேடுவோம் என்று உறுதி கூறுகிறேன்.

வளையலைக் கழற்ற முயல வேண்டாம். ஜேட் கல் உடம்பின் சூட்டைக் குடித்துப் பழக நாற்பத்தொன்பது நாள் ஆகும். அதுவரை வேறு கடைகளில் காட்டுவதும் கல்லுக்கு ஆகாது. காட்டினால் கல் வாடிவிடும். ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டிய அவசியமில்லை. நமக்குள் என்ன ரசீது.

என்றும் தங்கள் ஊர்ப்பிள்ளை,
கெங்

*

பெய்லு
2004 நவம்பர் 6

தம்பி,

உன் கடிதத்தைப் படிச்சேன். பக்கத்துல ஆள் நின்னு சொல்லச் சொல்ல எழுதினதுன்னு முதல் வரியிலேயே தெரிஞ்சுது. திருப்பிக் கொடுக்க முப்பது நாள் கெடுன்னு ரசீதுக்குப் பின்னாடி பொடி எழுத்துல போட்டிருக்கு. நாற்பத்தொன்பது நாள் கல்லு சூடு குடிக்குதாம். நல்லாத்தான் குடிக்குது.

முப்பத்தொரு வருஷம் டவுன் பஸ்ஸுல டிக்கெட் கிழிச்சவ நான். ஓசியில வர்றவன் எப்படி ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான், பழைய டிக்கெட்டை எப்படி மடிச்சு நீட்டுவான்னு எனக்குத் தெரியும். நீ உள்ளே வந்து நின்னப்பவே நீ கெங்கும் இல்ல, பெய்லுவும் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. எந்திரிச்சுப் போகத்தான் இருந்தேன்.

அப்போதான் நீ அதைச் சொன்னே. "எங்கம்மா குளிர்கால சங்கிராந்தி அன்னிக்கு முதல் கொழுக்கட்டையை எடுத்து என் இடது காதுல ஒத்தி எடுத்துட்டுத்தான் ஊட்டுவாங்க." அன்னிக்குக் கொழுக்கட்டை சாப்பிட்டா காது உறையாதுன்னு ஹெனான் முழுக்கச் சொல்லுவாங்க, சரி. ஆனா காதுல ஒத்தி எடுக்குற கிறுக்கி இந்த உலகத்துல ஒருத்திதான். அது நான். பாவ்தியெனுக்கு ஏழு வயசுல காது கருகினதுக்கு அப்புறம், பயத்துல ஆரம்பிச்ச பழக்கம். பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது.

என் மகன் வாயிலிருந்து கேட்காம அது உனக்குத் தெரிஞ்சிருக்காது. உன்னைப் பிடிச்சு உலுக்கியிருப்பேன். ஆனா கதவுகிட்ட தடித்தடியா ரெண்டு பேர் நின்னாங்க, நான் கத்தினா நீயும் காணாமப் போயிடுவேன்னு பயந்தேன். அதனால வளையலை வாங்கினேன். ரசீதும், உன் அட்டையும், முகவரியும் வேணும்னுதான் வாங்கினேன். ஏமாந்து வாங்கினேன்னு உன் மேனேஜர் நினைச்சுக்கட்டும்.

அவன் உயிரோட இருக்கானா? அதை மட்டும் சொல்லு. சாப்பாடு இறங்க மாட்டேங்குது தம்பி.

ஹாவ் யூட்சென்

*

குன்மிங்
2004 நவம்பர் 17

பெரியம்மா,

இனி கடைக்கு எழுதாதீங்க. கடிதத்தையெல்லாம் தாங் மேனேஜர் பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் தர்றாரு. உங்க ரெண்டாவது கடிதம் வந்த அன்னிக்கு அவர் ஊர்ல இல்லாதது என் நல்ல நேரம். கீழே இருக்கறது யாங் அக்காவோட நூடுல்ஸ் கடை முகவரி. அங்கே எழுதுங்க.

என் பேரு நிங் தாவ். குய்சோ மலைக்காரன். சிச்சுவான் பஸ் வந்தா சிச்சுவான்காரன், குவாங்சி பஸ் வந்தா குவாங்சிக்காரன். பஸ் கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே படிவம் ஃபேக்ஸ்ல வந்துடும். யாரு எந்த ஊரு, என்ன குடும்பப் பேருன்னு பார்த்து எங்களைப் பிரிச்சு அனுப்புவாங்க. வழி கேட்டா சந்தேகப்படுறவங்க, பரிசு கொடுத்தா சந்தேகப்படுறவங்ககூட, ஊர்க்காரன்னு சொன்னா உருகிடுறாங்க. தூரதேசத்துல சொந்த ஊர்ப் பேரைக் கேட்டதும் நம்மாளுங்களுக்கு மூளை வேலை செய்யறதில்ல. நானும் மாட்டிப்பேன், பொய் சொல்லல.

கொழுக்கட்டைக் கதையை இங்க வேலை பார்த்த ஒருத்தன் சொன்னான். ரெண்டு வருஷம் முன்னாடியே போயிட்டான். எங்கேன்னு தெரியாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். என்னை விட்டுடுங்க.

நிங் தாவ்

*

பெய்லு
2004 நவம்பர் 26

நிங் தாவ்,

உன் டிக்கெட்ல தேதி ஒத்துப்போகல.

வளையலை ஏத்தும்போது என் காதுகிட்ட குனிஞ்சு, "தனியா இருக்கீங்க, உடம்பைப் பார்த்துக்கோங்க பெரியம்மா"ன்னு சொன்னே. நான் தனியா இருக்கேன்னு உனக்கு யாரு சொன்னா? தனி ஆளுன்னா அறைக்குக் கூடுதல் காசுன்னு சொன்னதால, படிவத்துல வீட்டுக்காரர் உயிரோட இருக்கற மாதிரிதான் எழுதினேன். என் வீட்டுக்காரர் செத்தது போன ஜனவரி. பத்து மாசம்தான் ஆகுது. ரெண்டு வருஷம் முன்னாடி போனவன் அதை உன்கிட்ட எப்படிச் சொன்னான்?

அவன் அங்கேதான் இருக்கான். உன் பக்கத்துல இருக்கான். உன்கூடச் சாப்பிடுறான். நீ ஒரு தாயை வெச்சு விளையாடுற.

எனக்குப் பல்லெல்லாம் ஆடுது, முட்டி மடங்க மாட்டேங்குது. இன்னும் எத்தனை வருஷம் இருப்பேன்னு தெரியல. கெஞ்சறேன்னு வெச்சுக்கோ, மிரட்டறேன்னு வெச்சுக்கோ. உண்மையை எழுது.

*

யாங் அக்கா கடை, குன்மிங்
2004 டிசம்பர் 6

பெரியம்மா,

நாலு தடவை எழுதிக் கிழிச்சேன். இதை அப்படியே அனுப்பிடறேன், திரும்பப் படிச்சா அனுப்ப மாட்டேன்.

நீங்க வந்த அன்னிக்கு அவன் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தான். டீ போடற அறையில.

ஹெனான் பஸ்ஸுக்கெல்லாம் அவன்தான் ஊர்க்காரன். அன்னிக்கும் பட்டியலை வாங்கிப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே சுவத்துல சாய்ஞ்சுட்டான். வயித்து வலின்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டு என்னை இழுத்துட்டுப் போய், "நீ போ. எங்கம்மா வந்திருக்காங்க. அப்பா போனதுலேருந்து தனியா இருக்காங்க. ரெண்டு நல்ல வார்த்தை பேசி அனுப்பிடு. எதையும் வித்துடாதே"ன்னு சொன்னான். என்ன பேசறதுன்னு நான் கேட்டதுக்குத்தான் கொழுக்கட்டையைச் சொன்னான்.

நான் வித்துட்டேன் பெரியம்மா. அந்த மாசம் நான் எதையுமே விக்கல. விக்காதவங்க காலை வரிசையில எல்லார் முன்னாடியும் தன் கன்னத்துல தானே அறைஞ்சுக்கணும். எட்டு நாளா அறைஞ்சுக்கிட்டு இருந்தேன். நீங்க கையை நீட்டினீங்க, நான் சோப்புத் தண்ணியை எடுத்துட்டேன். வெளியே வந்ததும் அவன் முகத்தைப் பார்த்தேன். என்னை அடிக்கல. அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். நீங்க குடிச்ச டீக்கோப்பையைக் கழுவாம எடுத்துட்டுப் போயிட்டான்.

ஏன் வீட்டுக்குப் போகலன்னு கேட்டிருக்கேன். எங்க எல்லாரோட அடையாள அட்டையும் மேனேஜர் பெட்டியில இருக்கு, அது ஒரு காரணம். அது கையில இருந்தாலும் அவன் வர மாட்டான். உங்க பக்கத்து வீட்டுக்கு ஒருநாள் பேர் சொல்லாம போன் பண்ணியிருக்கான், அப்பா போய் அஞ்சு நாள் ஆச்சுன்னு சொன்னாங்களாம். "சவப்பெட்டி தூக்கும்போது மகன்தான் மண்சட்டியை உடைக்கணும், நான் உடைக்கல, எங்கப்பா பிள்ளையில்லாத ஆளு மாதிரி போயிட்டாரு, எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அந்தத் தெருவுல நடப்பேன்?"னு சொன்னான்.

உங்க கடிதங்களைப் பத்தி அவன்கிட்ட சொல்லல. சொன்னா ஓடிடுவான். எல்லை தாண்டி அந்தப் பக்கம் ஒரு கிளை இருக்கு. அங்க போனவங்க திரும்பி வந்து நான் பார்த்ததில்ல.

நிங் தாவ்

*

பெய்லு
2004 டிசம்பர் 15

தம்பி,

உன்னைத் திட்டணும்னு ரெண்டு நாள் வார்த்தை தேடினேன். அப்புறம் விட்டுட்டேன். என் மகன் உயிரோட இருக்கான்னு எழுதின கையைத் திட்ட எனக்கு வாய் வரல.

சட்டியை நான்தான் உடைச்சேன். பெண்டாட்டி உடைக்கற வழக்கம் இல்லன்னு அவர் அண்ணன் குதிச்சாரு. அண்ணன் மகன் உடைக்கட்டும்னாரு. உடைக்கறவனுக்குத்தான் வீடுன்னு எனக்குத் தெரியாதா? என் மகன் வீட்டை எவன் கையிலயும் கொடுக்க மாட்டேன்னு நானே தூக்கிப் போட்டேன். ஊரே பேசுச்சு. இன்னும் பேசுது. பேசட்டும்.

நான் வர்றேன். ஜனவரி பதினொண்ணு, அதே மலிவு சுற்றுலா, அதே பஸ். கல்யாணத் தோட்டை வித்துட்டேன், அதைப் பத்திப் பேசாதே. படிவத்துல என் பேரை எழுத மாட்டேன். மியாவ் குய்ஃபென், பெய்லு, வீட்டுக்காரர் கெங்னு எழுதுவேன். மியாவ் எங்க தெருக்கோடி தையல்காரி, அவளைக் கேட்டுட்டேன். நீங்க எல்லாரும் பொய்ப் பேர்ல வர்றீங்களே, ஒரு தடவை நானும் வர்றேன்.

அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாதே. ஹெனான் பஸ்னா அவன்தானே உள்ளே வருவான்? வரட்டும்.

ஹாவ் யூட்சென்

*

யாங் அக்கா கடை, குன்மிங்
2004 டிசம்பர் 26

பெரியம்மா,

வராதீங்கன்னு எழுத உட்கார்ந்தேன். நீங்க கேட்க மாட்டீங்கன்னு தெரியும், அதனால இதையாவது கேட்டுக்கோங்க.

அறையில பெரிய கண்ணாடி ஒண்ணு இருக்கும். அதுக்குப் பின்னாடி மேனேஜர் உட்கார்ந்திருப்பாரு. பார்க்கவும் முடியும், கேட்கவும் முடியும். ஊழியனோட சொந்தக்காரங்க வந்திருக்காங்கன்னு தெரிஞ்சா அன்னிக்கே அவனை வண்டியில ஏத்தி எல்லைக்கு அனுப்பிடுவாங்க. போன வருஷம் ஒருத்தனோட அண்ணன் தேடிட்டு வந்தான், அப்படித்தான் நடந்துச்சு. அதனால பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க. கட்டிப் பிடிக்காதீங்க. அழாதீங்க. வாங்க வந்த கிழவி எப்படிப் பேசுவாளோ அப்படிப் பேசுங்க. அவனுக்கு நாங்க பேசற பாடம் மனப்பாடம், அதுக்குள்ளேயே பேசுவான்னு நம்பறேன்.

அன்னிக்கு எனக்கு வேற பஸ், வேற அறை. நான் பக்கத்துல இருக்க முடியாது.

இன்னொண்ணு. உங்ககூட வர்றவங்ககிட்ட முடிஞ்சா சொல்லுங்க, படிவத்துல ஊர்ப் பேரை எழுத வேண்டாம்னு. ஊர் தெரியலன்னா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. கல்லு நல்லதா கெட்டதான்னு பார்க்கத் தெரிய வேண்டாம், அறைக்குள்ளே உட்காராம நின்னுக்கிட்டே இருந்தாப் போதும். வாங்கிட்டவங்க ரசீதை வெச்சு முப்பது நாளுக்குள்ள சுற்றுலா அலுவலகத்துல எழுதிக் கொடுத்தா காசு வந்துடும், எங்க கடை அதுக்கு மட்டும்தான் பயப்படும். உங்களுக்கு இதை அக்டோபர்லயே எழுதியிருக்கணும். எழுதல.

எனக்குப் பயமா இருக்கு பெரியம்மா.

நிங் தாவ்

*

பெய்லு
2005 ஜனவரி 20

தம்பி நிங் தாவ்,

வந்து சேர்ந்துட்டேன். அன்னிக்கு உன்னை வாசல்ல பார்த்தேன், நீ பார்க்காத மாதிரி திரும்பிக்கிட்டே. அதுதான் சரி. உள்ளே நடந்ததை உனக்குச் சொல்லணும், வேற யார்கிட்ட சொல்லுவேன்.

கூட வந்தவங்ககிட்ட சொல்லிப் பார்த்தேன். பாதிப் பேர் என்னைப் பைத்தியம்னு நினைச்சாங்க, பாதிப் பேர் ஊர்ப் பேரை எழுதல. அதனால எங்க அறையில ஆறே பேர்தான். நான் பழைய வளையலை ஸ்வெட்டர் கைக்குள்ள மறைச்சுக்கிட்டேன். மத்த அஞ்சு பேரையும் ஒரு கடைப் பொண்ணு கல்லு காட்டறேன்னு ஜன்னல் பக்கம் கூட்டிட்டுப் போனா. அவன் தட்டை எடுத்துக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே உள்ளே வந்தான். இளைச்சிருக்கான். முடியை நீளமா விட்டுக் காதை மறைச்சிருக்கான்.

என்னைப் பார்த்தான். வாசப்படியிலேயே நின்னுட்டான். ஓடிடுவான்னு நினைச்சேன். நான் கண்ணாடியை ஒரு தடவை பார்த்துட்டு, "என்ன தம்பி, நிக்கறே? எந்த ஊருன்னு கேட்க மாட்டியா?"ன்னேன்.

"எந்த ஊரு பெரியம்மா?"

பெத்தவளைப் பெரியம்மாங்கறான். "பெய்லு"ன்னேன்.

"நானும் பெய்லுதான்"னான். அந்தக் கடையில அந்த வார்த்தையை எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பான்.

"எந்த வீடு?"

"கெங் வீடு."

"அப்பா சௌக்கியமா?"

உங்க பாடத்துல அப்பாதானே முதலாளி. சௌக்கியம்னு சொல்லியிருக்கணும். தட்டை மேஜையில வெச்சான். "அப்பா போயிட்டாரு பெரியம்மா. நான் போகல."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சுன்னு சத்தம் கேட்டுச்சு. நான் உடனே, "ஐயோ பாவம், எங்க தெருவுலயும் ஒரு கெங் போனாரு. சட்டியை அவர் பெண்டாட்டியே உடைச்சா. ஒரே போடு, சுக்குநூறு. மகன் வந்தா இருக்கறதுக்கு வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டுத் திரியறா"ன்னேன்.

"அந்தம்மாவுக்கு மகன்மேல கோபமா?"

"கோபம் இல்லாம இருக்குமா? நாலு அறை அறைஞ்சுட்டுத்தான் சோறு போடுவா. ஆனா சோறு போடுவா."

அவன் கையிலிருந்து ஒரு மோதிரம் கீழே விழுந்துச்சு. விழுந்துச்சா, போட்டானான்னு தெரியல. தேடற மாதிரி முட்டி போட்டுக் குனிஞ்சான். நெத்தி தரையில பட்டுச்சு. எந்திரிக்கல. மறுபடி பட்டுச்சு. மூணு தடவை. அப்பன் பெட்டிக்கு முன்னாடி பண்ண வேண்டியதை அங்க, மேஜைக்கு அடியில, என் செருப்புக்கு முன்னாடி பண்ணினான். நான் என் தொடையைக் கிள்ளிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அழாதீங்கன்னு நீ எழுதியிருந்தே. அழல. ஜன்னல் பக்கம் இருந்த பொண்ணு "என்னாச்சு?"ன்னு கேட்டா. "மோதிரம் உருண்டுடுச்சு"ன்னான்.

எந்திரிச்சப்போ நெத்தி சிவந்திருந்துச்சு. தட்டுலேருந்து ஒரு வளையலை எடுத்தான், என் வெறுங்கையையும் எடுத்தான். என் விரலையெல்லாம் ஒவ்வொண்ணா மடக்கி, முஷ்டியாக்கி, ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டான். அப்புறம் கண்ணாடியைப் பார்த்துச் சத்தமா, "பெரியம்மா கைக்கு எதுவும் சேராது"ன்னு சொன்னான். நல்லா அறைஞ்சுக்க வெச்சிருப்பாங்க மறுநாள் காலையில. எனக்குத் தெரியும்.

என்னோட வாடான்னு சொல்ல முடியல தம்பி. வாய் வரைக்கும் வந்துச்சு. கதவுகிட்ட நின்னவங்க தோளைப் பார்த்துட்டு முழுங்கிட்டேன். பஸ் போய் மூணு திருப்பம் தாண்டினப்புறம்தான் அழுதேன். பக்கத்து சீட்டுக்காரி, வாங்க முடியாமப் போச்சேன்னு அழறேன்னு நினைச்சு ஆறுதல் சொன்னா.

அவன் அடையாள அட்டை மேனேஜர் பெட்டியில இருக்கட்டும். ரசீதோடவும், அட்டைகளை வாங்கி வெச்சிருக்காங்கன்னு நீ எழுதின கடிதத்தோடவும் நேத்து மாவட்ட போலீஸுக்கும் சுற்றுலா அலுவலகத்துக்கும் போய்ட்டு வந்தேன். உன் பேரைக் கிழிச்சுட்டுத்தான் காட்டினேன். பார்க்கலாம்னாங்க. பார்ப்பாங்களோ மாட்டாங்களோ, எனக்கு நம்பிக்கை இல்ல. திங்கக்கிழமை மறுபடி போவேன்.

புத்தாண்டு முடிஞ்சு அடுத்த பஸ் மார்ச் ரெண்டாம் தேதி கிளம்புது. இடம் போட்டுட்டேன். இந்தத் தடவை படிவத்துல என் சொந்தப் பேரையே எழுதப்போறேன். பட்டியல் அவன் கைக்குப் போகட்டும். உள்ளே வர்றதா, வயித்து வலின்னு ஒளிஞ்சுக்கறதான்னு அவனே முடிவு பண்ணட்டும். வரலன்னா அதுக்கு அடுத்த பஸ்ஸுக்கும் அதே பேரைத்தான் எழுதுவேன்.

ஹாவ் யூட்சென்